படிச்சு ஓட்டுறதும் கம்பைல் பண்ணி ஓட்டுறதும்: எக்ஸ்எஸ்எல்டில எக்ஸ்டென்ஷன் எங்க இடிக்குது?

எக்ஸ்எஸ்எல்டி கத்துக்க ஆரம்பிக்கிறவங்க ஒரு கட்டத்துல கண்டிப்பா வந்து முட்டிக்கிற இடம் எக்ஸ்டென்ஷன். ஒரு மெஷின்ல சூப்பரா ஓடுற ஸ்டைல்ஷீட் (எக்ஸ்எஸ்எல்டில எழுதுற ஃபைலுக்கு இதுதான் பேர்) இன்னொரு மெஷின்ல போட்டா ஒரு வரி கூட அவுட்புட் வராம நின்னுடும், கோடுல ஒரு எழுத்து கூட மாத்தியிருக்க மாட்டோம். இது ஏன் நடக்குதுன்னு எனக்கு யாராவது ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா நிறைய ராத்திரி மிச்சமாயிருக்கும், அதனால முதல்ல இருந்து சொல்றேன். ஜாவா தெரிஞ்சிருந்தா நல்லது, தெரியலன்னாலும் விஷயம் புரியும்.

எக்ஸ்எஸ்எல்டி 1.0 வந்தது 1999 நவம்பர்ல, வெப் தரங்கள வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டாங்க, எடிட்டர் ஜேம்ஸ் கிளார்க். எக்ஸ்எம்எல் டேட்டாவ எடுத்து ஹெச்டிஎம்எல்லாவோ வேற எக்ஸ்எம்எல்லாவோ சும்மா டெக்ஸ்ட்டாவோ மாத்துறதுக்கான மொழி. ரொம்ப சின்ன மொழி. அதுல தேதி கணக்கு கிடையாது, ஒரு ஸ்டிரிங்க கமா பாத்து துண்டு துண்டா வெட்ட ஃபங்ஷன் கிடையாது, ஒரே ஓட்டத்துல ரெண்டு ஃபைல் எழுத வழி கிடையாது. இதெல்லாம் இல்லன்னு எழுதினவங்களுக்கும் தெரியும், அதனாலதான் வெளிய இருந்து ஆள கூப்பிட ஒரு கதவு வச்சாங்க. அந்தக் கதவுதான் எக்ஸ்டென்ஷன்.

அதுல ரெண்டு வகை. எக்ஸ்டென்ஷன் ஃபங்ஷன்னா எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்ல எந்தப் பகுதி வேணும்னு சொல்ற குட்டி மொழி) எழுதுற இடத்துல கூப்பிடுறது, கான்கேட், சப்ஸ்டிரிங் மாதிரியே இருக்கும், ஆனா முன்னாடி ஒரு ப்ரிஃபிக்ஸ் ஒட்டியிருக்கும், அந்த ப்ரிஃபிக்ஸ் எந்த நேம்ஸ்பேஸ்னு, அதாவது எந்தக் குடும்பத்துப் பேர்னு, மேல சொல்லியிருப்போம். எக்ஸ்டென்ஷன் எலிமெண்ட்னா டெம்ப்ளேட்டுக்குள்ள ஒரு டேக் மாதிரி உக்காந்திருக்கும், ஆனா அவுட்புட்டுக்கு போகாது, ஒரு வேலை செய்யும். இதுக்கு ஸ்டைல்ஷீட் தலையிலேயே எக்ஸ்டென்ஷன்-எலிமெண்ட்-ப்ரிஃபிக்ஸஸ்னு ஒரு ஆட்ரிபியூட்ல அந்த ப்ரிஃபிக்ஸ சொல்லியாகணும். இத மறந்துட்டா எர்ரர் வராது, அதுதான் பிரச்சனை, அந்த டேக் அப்படியே அவுட்புட்ல போய் விழுந்துடும், ஏன்னா ப்ராசஸர், அதாவது ஸ்டைல்ஷீட்ட ஓட்டுற ப்ரோக்ராம், அத சாதாரண டேக்னு நினைச்சுக்கும். அவுட்புட்ல சம்பந்தமே இல்லாம ஒரு ரீடைரக்ட் டேக் கிடந்தா முதல்ல இத போய் பாருங்க. ஃபங்ஷனுக்கு இந்த ஆட்ரிபியூட் தேவையில்ல, நேம்ஸ்பேஸ் சொன்னா போதும்.

இப்ப முக்கியமான விஷயம். எக்ஸ்டென்ஷன எப்படி எழுதலாம்னுதான் ஸ்பெக் (எக்ஸ்எஸ்எல்டியோட அதிகாரபூர்வ விதி ஆவணம்) சொல்லுது, அந்த ப்ரிஃபிக்ஸுக்கு பின்னாடி இருக்கிற கோட எங்க போய் தேடணும், எப்படி இணைக்கணும்னு 1.0 ஸ்பெக் ஒரு வார்த்தை சொல்லல. அத ஒவ்வொரு ப்ராசஸரும் தன் இஷ்டத்துக்கு பண்ணிக்கிச்சு. அங்கதான் படிச்சு ஓட்டுற ப்ராசஸருக்கும் கம்பைல் பண்ணி ஓட்டுற ப்ராசஸருக்கும் பாதை பிரியுது.

ஒரு கல்யாண சமையல நினைச்சுக்கோங்க. ஒரு மாஸ்டர் குறிப்ப பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வரியா படிச்சு, அந்த வரில என்ன இருக்கோ அத அப்பவே செய்வார். இன்னொரு மாஸ்டர் முதல் நாளே முழு குறிப்பையும் வாங்கி உக்காந்து படிச்சு, எந்த அடுப்புல எது, யார் கைல எந்த கரண்டின்னு முழுசா திட்டம் போட்டுட்டு, மறுநாள் குறிப்ப தொடவே மாட்டார், திட்டப்படி சரசரன்னு வேலை ஓடும். குறிப்புல ஒரு வரி, "மாப்பிள்ளை வீட்டுல கேட்டா மட்டும் அதிரசம், அதுக்கு எதிர் வீட்டு பாட்டிய கூப்பிடு". முதல் மாஸ்டர் அந்த வரிக்கு வர்றப்பதான் பாட்டி இருக்காங்களான்னு பாப்பார், மாப்பிள்ளை வீட்டுல கேக்கவே இல்லன்னா பாட்டியப் பத்தின பேச்சே வராது. ரெண்டாவது மாஸ்டருக்கு முதல் நாளே தெரியணும், பாட்டி யாரு, எங்க இருக்காங்க, எவ்வளவு மாவு கேப்பாங்க. பதில் இல்லன்னா அவர் ரெண்டுல ஒண்ணு செய்யலாம். மொத்த சமையலும் எடுக்க மாட்டேன்னு கிளம்பலாம், இல்லன்னா திட்டத்துல அந்த இடத்துல மட்டும் "இங்க வந்தா ஆள் இல்லன்னு சொல்லிடு"ன்னு ஒரு குறிப்பு எழுதிட்டு மத்த வேலைய பாக்கலாம்.

எக்ஸ்எஸ்எல்டி 1.0 ஸ்பெக் கேக்குறது ரெண்டாவது வழிய. அதோட 14வது பிரிவுல தெளிவா இருக்கு, ஒரு டெம்ப்ளேட்ல தனக்குத் தெரியாத எக்ஸ்டென்ஷன் இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக ப்ராசஸர் எர்ரர் கொடுக்கக் கூடாது, அந்த இடம் உண்மையிலேயே ஓடுறப்பதான் கொடுக்கணும். படிச்சு ஓட்டுற ப்ராசஸருக்கு இது இயல்பாவே வருது, ஏன்னா அது எதையுமே முன்கூட்டி பாக்குறதில்ல. கம்பைலர் எழுதுறவங்களுக்குத்தான் இது பெரிய வேலை. கம்பைலரோட சுபாவமே எல்லாத்தையும் முன்னாடியே தெரிஞ்சுக்கணும்ங்கிறது, அதுகிட்ட போய் "இது தெரியலன்னா பரவால்ல, விட்டுட்டு போ"ன்னு சொல்ற மாதிரி.

இதுக்கு நல்ல உதாரணம் ஜாவா உலகத்துலயே இருக்கு. அபாச்சியோட ஸாலன் ப்ராஜெக்ட்ல ஒரே கூரைக்கு கீழ ரெண்டு ப்ராசஸர். ஒண்ணு பழைய ஸாலன், ஐபிஎம்மோட லோட்டஸ்எக்ஸ்எஸ்எல்ல இருந்து வந்தது, படிச்சு ஓட்டுற ரகம். இன்னொண்ணு எக்ஸ்எஸ்எல்டிசி, கடைசில இருக்கிற சி கம்பைலரோட சி, சன் நிறுவனத்துல எழுதி அபாச்சிக்கு கொடுத்தது. இது உங்க ஸ்டைல்ஷீட்ட ஜாவா நேரா ஓட்டுற பைட்கோடாவே மாத்திடும், அதாவது ஒரு ஜாவா கிளாஸ் ஃபைல் வரும், அதுக்கு டிரான்ஸ்லெட்னு பேர். ஒரே ஸ்டைல்ஷீட்ட ஆயிரக்கணக்கான டாக்குமெண்ட் மேல ஓட்டணும்னா டிரான்ஸ்லெட்தான் சௌகரியம், ஒரு தடவை கம்பைல் பண்ணிட்டா ஓடிக்கிட்டே இருக்கும். 2002ல வந்த ஜேடிகே (ஜாவாவ எழுதி ஓட்டுறதுக்கான தொகுப்பு) 1.4ல உள்ளயே இருந்தது படிச்சு ஓட்டுற ஸாலன். 2004ல ஜேடிகே 5 வந்தப்ப அத எடுத்துட்டு எக்ஸ்எஸ்எல்டிசிய வச்சாங்க. ஏபிஐ அதேதான், டிரான்ஸ்ஃபார்மர்ஃபேக்டரில இருந்து எடுக்குற அதே ரெண்டு வரி, உங்க ஜாவா கோடுல ஒரு மாற்றமும் தெரியாது. ஆனா உள்ள இருக்கிற மாஸ்டர் மாறிட்டார்.

இதுல நானே மாட்டினேன். அப்ப நான் இருந்த எடத்துல பில் எல்லாம் எக்ஸ்எம்எல்லா வரும், எக்ஸ்எஸ்எல்டி போட்டு மாத்தி பிடிஎஃப் ஆக்கி அனுப்புவோம். நம்ம ஊர் பில்லுல தொகை எழுதுறப்ப 12,34,567ன்னு லட்சத்துல கமா வரணும். எக்ஸ்எஸ்எல்டி 1.0ல இருக்கிற ஃபார்மேட்-நம்பர் ஃபங்ஷன் ஜாவாவோட டெசிமல்ஃபார்மேட் விதியத்தான் பின்பற்றுது, அதுல ஒரே ஒரு குரூப் அளவுதான், நீங்க பேட்டர்ன்ல எத்தனை கமா போட்டாலும் கடைசி கமாவுக்கு அப்புறம் எத்தனை இலக்கமோ அதையே திரும்பத் திரும்ப போடும். அதனால எவ்வளவு ஆசையா லட்சம் பேட்டர்ன் எழுதினாலும் வர்றது 1,234,567தான். வாங்குறவங்க இத பாத்துட்டு போன் பண்ணுவாங்க, பன்னெண்டு லட்சமா ஒண்ணே கால் லட்சமான்னு ஒரு நிமிஷம் குழம்புவாங்க, நியாயம்தான்.

அதுக்கு எனக்கு முன்னாடி இருந்தவங்க ஒரு வழி பண்ணி வச்சிருந்தாங்க. ஸ்டைல்ஷீட்டுக்குள்ளயே ஒரு குட்டி ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன், லட்சக்கமா போடுறதுக்கு. பழைய ஸாலன்ல அது முடியும், காம்போனன்ட்னு ஒரு எக்ஸ்டென்ஷன் டேக் போட்டு அதுக்குள்ள ஸ்கிரிப்ட் எழுதலாம், ஓட்டுறதுக்கு ஸ்கிரிப்ட் ஓட்ட உதவுற பிஎஸ்எஃப், ரைனோன்னு ரெண்டு ஜாரும் (ஜாவா கோட் அடைச்ச ஃபைல்) கூட வேணும். அழகா ஓடிக்கிட்டு இருந்தது. தொகை ஒரு லட்சத்துக்கு மேலன்னா அந்த ஃபங்ஷன கூப்பிடு, கீழன்னா சாதா ஃபார்மேட்-நம்பர், அது 99,999 வரைக்கும் சரியாத்தான் கமா போடும். இப்படி ஒரு இஃப் கண்டிஷன்.

பழைய சர்வர மாத்தி ஜேடிகே 5 போட்ட புது மெஷின் வந்துச்சு. பழைய மெஷின்ல ஜேஆர்இக்கு (ஜாவாவ ஓட்டுற பகுதி) உள்ள எண்டார்ஸ்ட்னு ஒரு ஃபோல்டர்ல அந்த ஸாலன் ஜாரும் மத்த ரெண்டும் இருந்தது யாருக்கும் ஞாபகம் இல்ல, காப்பி ஆகல. காலைல முதல் பில்லே வரல. ரெண்டாவது வரல. 450 ரூபாய் பில் கூட வரல, அதுக்கு லட்சக்கமாவோட சம்பந்தமே கிடையாது. லாக்ல பாத்தா, நான்-ஸ்டேட்டிக் ஜாவா ஃபங்ஷனுக்கு கொடுத்த முதல் ஆர்க்யுமெண்ட் சரியான ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் இல்லன்னு ஒரு எர்ரர், அதுக்கு கீழ ஸ்டைல்ஷீட்ட கம்பைல் பண்ண முடியலன்னு இன்னொரு வரி. எங்க ஃபங்ஷன் ஜாவாஸ்கிரிப்ட், இது ஏன் ஜாவா ஃபங்ஷன்னு பேசுது, ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸுக்கு நாங்க எங்க போறதுன்னு ஒண்ணும் புரியல. பாதி நாள் அந்த வரியவே பாத்துக்கிட்டு இருந்தோம்.

உள்ள நடந்தது இதுதான். எக்ஸ்எஸ்எல்டிசிக்கு ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்ஷன் தெரியாது. காம்போனன்ட் டேக் அதுக்கு ஏதோ ஒரு தெரியாத டாப்-லெவல் டேக், அத தாண்டிப் போயிடுச்சு. அப்புறம் உள்ள ஒரு ப்ரிஃபிக்ஸ் போட்ட ஃபங்ஷன் கால் வந்துச்சு. ப்ரிஃபிக்ஸ் இருக்கு, நம்ம சொந்த ஃபங்ஷனும் இல்ல, அப்ப இது ஜாவா மெத்தடாத்தான் இருக்கணும்னு அது எடுத்துக்கிச்சு. கிளாஸ் பேரும் கிடைக்கல, அதனால ஆப்ஜெக்ட் மேல கூப்பிடுற மெத்தட்னு முடிவு பண்ணி, முதல் ஆர்க்யுமெண்ட் அந்த ஆப்ஜெக்ட்டா இருக்கணுமேன்னு பாத்தா அங்க இருந்தது பில் தொகை. டைப் செக்குலயே நின்னுடுச்சு. டைப் செக் நிக்குறது கம்பைல் நேரத்துல, அந்த நேரத்துல எந்த பில்லும் இன்னும் உள்ள வரவே இல்ல, 450 ரூபாயா 12 லட்சமான்னு பாக்குற இஃப் கண்டிஷன் ஓடவே இல்ல. அதனாலதான் எல்லா பில்லும் நின்னுச்சு. இதே ஸ்கிரிப்ட் ஜார் பழைய ஸாலன்ல காணாமப் போயிருந்தா, ஃபங்ஷன கூப்பிடுற லட்ச ரூபாய் பில்லுதான் சிக்கியிருக்கும், சின்ன பில்லெல்லாம் அந்த வரிய தொடாது.

எது நல்லதுன்னு கேட்டா எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு. காலைல முதல் பில்லுலயே மொத்தமா நின்னது கஷ்டம்தான், ஆனா எனக்கு அதுவே மேல். மாசத்துக்கு நாலு பெரிய பில் மட்டும் யாருக்கும் தெரியாம நின்னு, மாசக் கடைசில கண்டுபிடிக்கிறத விட இது எவ்வளவோ பரவால்ல. அதுக்காக ஸ்பெக் சொன்னத விட்டுட முடியாது, ஏன்னா ஒரே ஸ்டைல்ஷீட் பல ப்ராசஸர்ல ஓடணும்னா தெரியாத ஃபங்ஷன் இருந்தாலும் கம்பைல் ஆகியே தீரணும்.

சரி, எக்ஸ்எஸ்எல்டிசி மாதிரி ஒரு கம்பைலர் இந்த விதிய எப்படி கடைப்பிடிக்குதுன்னு பாக்கலாம், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி இது. கம்பைல் பண்றப்ப தெரியாத எக்ஸ்டென்ஷன் எலிமெண்ட் வந்தா, முதல்ல அதுக்குள்ள ஃபால்பேக் டேக் (இந்த எலிமெண்ட் தெரியலன்னா பதிலா இத செய்னு சொல்றது) இருக்கான்னு பாக்கும். இருந்தா அதுக்குள்ள இருக்கிறத மட்டும் பைட்கோடா மாத்தி அந்த இடத்துல வைக்கும், வெளிய இருக்கிற தெரியாத டேக் மறைஞ்சே போயிடும். ஃபால்பேக் இல்லன்னா, அந்த இடத்துல எர்ரர் வீசுற ஒரு ஃபங்ஷன கூப்பிடுற மாதிரி பைட்கோட் எழுதி வச்சுடும். திட்டத்துல "இங்க வந்தா ஆள் இல்லன்னு சொல்லிடு"ன்னு எழுதின மாதிரியேதான். அந்த வழியா ஓட்டம் வரலன்னா அது கடைசி வரைக்கும் வெடிக்காது. ஃபங்ஷனுக்கும் இதே மாதிரி ஒரு எர்ரர் கால் வைக்க அதுக்கு வசதி இருக்கு, ஆனா நாங்க பாத்த மாதிரி அதுக்கு முன்னாடியே டைப் செக்குல சிக்கிக்கிற கேஸும் இருக்கு.

அப்ப ஃபங்ஷன பாதுகாப்பா கூப்பிடுறது எப்படி? அதுக்குத்தான் ஸ்பெக்லயே ஃபங்ஷன்-அவெய்லபிள்னு ஒரு ஃபங்ஷன் கொடுத்திருக்காங்க, எலிமெண்டுக்கு எலிமெண்ட்-அவெய்லபிள். பேர கொடுத்தா இருக்கு இல்லன்னு சொல்லும். படிச்சு ஓட்டுற ப்ராசஸர் இத மத்த எந்த கண்டிஷன் மாதிரியும் ஓடுறப்ப கேட்டுக்கும். எக்ஸ்எஸ்எல்டிசி இத கம்பைல் நேரத்துலயே கேட்டு பதிலையும் வாங்கிடும். இஃப் இல்லன்னா வென் டேகோட டெஸ்ட்ல ஃபங்ஷன்-அவெய்லபிள் இருந்து, பதில் இல்லன்னு வந்தா, அந்த டேகுக்குள்ள இருக்கிறத டைப் செக் பண்ணாது, பைட்கோடும் எழுதாது, அந்தக் கிளையவே வெட்டி விட்டுடும். எங்க ஸ்டைல்ஷீட்ல தொகை ஒரு லட்சத்துக்கு மேலயாங்கிற கேள்வி மட்டும்தான் இருந்துச்சு, ஃபங்ஷன் இருக்காங்கிற கேள்வி இல்ல. தொகை ஓடுறப்பதான் தெரியும், அதனால கம்பைலர் அந்தக் கிளைய வெட்ட முடியாது. ஃபங்ஷன் இருக்காங்கிறது முன்னாடியே தெரியும், அதனால வெட்ட முடியும்.

இதனால எழுதுற முறையிலயும் சில விஷயம் மாறுது. ஃபங்ஷன்-அவெய்லபிளுக்குள்ள கொடுக்கிற பேர் நேரடியா கோட்ல இருக்கிற ஸ்டிரிங்கா இருக்கணும். பழைய ஸாலன்ல பேர ஒரு வேரியபிள்ல வச்சு கொடுத்தாலும் ஓடும், எக்ஸ்எஸ்எல்டிசி லிட்டரல் ஸ்டிரிங்தான் வேணும்னு எர்ரர் கொடுக்கும், ஏன்னா வேரியபிளோட மதிப்பு கம்பைல் பண்றப்ப அதுக்கு எங்க தெரியும். இன்னொண்ணு, இந்தக் கேள்விய டெஸ்ட்ல தனியா வைங்க, தொகை கண்டிஷனோட ஆண்ட் போட்டு ஒரே வரில சேக்காதீங்க. வெளிய ஒரு சூஸ் (பல வழில ஒண்ண தேர்ந்தெடுக்குற டேக்), அதோட வென்ல ஃபங்ஷன்-அவெய்லபிள் மட்டும், அதுக்கு உள்ள தொகை பாக்குற இஃப், அதர்வைஸ்ல வெளி ஆள் தேவையில்லாத சாதா டெம்ப்ளேட். எங்களுக்கு அந்த அதர்வைஸ்ல சப்ஸ்டிரிங் வச்சு கடைசி மூணு இலக்கம் தனியா, மீதி ரெண்டு ரெண்டாங்கிற மாதிரி ஒரு டெம்ப்ளேட் எழுதினோம், தன்னைத்தானே கூப்பிட்டுக்கிற டெம்ப்ளேட், இருபது வரி இருக்கும். முதல்லயே இத எழுதியிருக்கலாம்னு நீங்க நினைக்கலாம், உண்மைதான், நிறைய எக்ஸ்டென்ஷன் இப்படித்தான், அவசரத்துல ஸ்கிரிப்ட் எழுதுறது சுலபம்னு உள்ள வந்துடுது.

ஜாவா மெத்தட நேரா கூப்பிடுற எக்ஸ்டென்ஷன் ரெண்டுலயும் ஓடும், ஆனா அங்கயும் நேரம் வித்தியாசம் இருக்கு. பழைய ஸாலன் அந்த வரிக்கு வர்றப்ப கிளாஸ தேடி, கைல வந்திருக்கிற ஆர்க்யுமெண்ட் எந்த மாதிரின்னு பாத்து, அதே பேர்ல மூணு மெத்தட் இருந்தா எது ரொம்பப் பொருத்தமோ அத எடுத்து ரிஃப்ளெக்ஷன் (ஓடுறப்பவே மெத்தட பேர் வச்சு தேடிக் கூப்பிடுற ஜாவா வசதி) மூலமா கூப்பிடும். எக்ஸ்எஸ்எல்டிசி கம்பைல் பண்றப்பவே கிளாஸ லோட் பண்ணி, மெத்தட் லிஸ்ட்ட எடுத்து, எதுன்னு அப்பவே முடிவு பண்ணி, பைட்கோடுல நேரடி கால் எழுதிடும். ஓடுறப்ப இது வேகம், தேடல் எதுவும் இல்ல. ஆனா அந்த கிளாஸ் கம்பைல் பண்ற மெஷினோட கிளாஸ்பாத்லயும் இருக்கணும், ஓடுற மெஷின்லயும் இருக்கணும். டிரான்ஸ்லெட்ட ஜாரா பண்ணி வச்சுட்டு, அப்புறம் ஜாவா மெத்தடோட ஆர்க்யுமெண்ட்ட இன்ட்ல இருந்து லாங்கா மாத்தினா, ஸ்டைல்ஷீட்ட தொடாமலே நோசச்மெத்தட்எர்ரர் வந்து நிக்கும். திரும்ப கம்பைல் பண்ணா சரியாயிடும். பழைய ஸாலன்ல இந்த மாற்றம் பெரும்பாலும் தெரியக் கூட தெரியாது.

டைப் விஷயத்துல புதுசா வர்றவங்க அடிக்கடி சிக்குற ஒரு இடம் இருக்கு. டெம்ப்ளேட்டுக்கு வர்ற பாராம் என்ன டைப்புன்னு கம்பைலருக்கு தெரியாது, நம்பரா ஸ்டிரிங்கா நோட்செட்டான்னு (எக்ஸ்எம்எல் பகுதிகளோட தொகுப்பு) கூப்பிடுறவங்க கைல இருக்கு. அத அப்படியே ஜாவா மெத்தடுக்கு கொடுத்தா, அதே பேர்ல ஸ்டிரிங் வாங்குறது ஒண்ணும் டபுள் வாங்குறது ஒண்ணும் இருந்தா, நீங்க நினைச்சது ஒண்ணு அது எடுத்தது ஒண்ணாகலாம். நம்பர்னு தெரிஞ்சா நம்பர் ஃபங்ஷனுக்குள்ள போட்டு கொடுங்க, ஸ்டிரிங்னா ஸ்டிரிங் ஃபங்ஷனுக்குள்ள. ரெண்டு ப்ராசஸர்லயும் ஒரே மாதிரி நடந்துக்கும், படிக்கிறவங்களுக்கும் தெளிவா இருக்கும்.

சில எக்ஸ்டென்ஷன் கம்பைலருக்கு இயல்பாவே ஒத்து வராது. டைனமிக் எவாலுவேட்னு ஒண்ணு இருக்கு, எக்ஸ்பாத்தயே ஒரு ஸ்டிரிங்கா கொடுத்தா அத ஓடுறப்ப படிச்சு பதில் கொடுக்கும். படிச்சு ஓட்டுற ப்ராசஸர்கிட்ட எக்ஸ்பாத் படிக்கிற கருவி எப்பவும் கைலயே இருக்கு, அதனால பழைய ஸாலன்ல சுலபமா வருது. டிரான்ஸ்லெட்ல எக்ஸ்பாத் எல்லாம் ஏற்கனவே பைட்கோடா மாறியாச்சு, திட்டம் போட்ட மாஸ்டர் வீட்டுக்கு போயிட்டார், புதுசா ஒரு வரி எழுதிக் கொடுத்தா படிக்க அங்க ஆள் இல்ல. அதனால எக்ஸ்எஸ்எல்டிசில இது கிடையாது. டேட்டாபேஸ்ல இருந்து நேரா எடுக்குற ஸாலனோட எஸ்க்யூஎல் எக்ஸ்டென்ஷனையும் ஜேடிகே 5க்கு மாறினவங்க இழந்தாங்க. நோட்செட் ஃபங்ஷன், வேற ஃபைல்ல எழுதுற ரீடைரக்ட் ரைட், ரெண்டும் ரெண்டுலயும் இருக்கு, ஏன்னா இத கம்பைலர் தன் சொந்த அங்கமாவே எழுதி வச்சிருக்கு.

இங்க எக்ஸ்எஸ்எல்டி சமூகம் செஞ்ச ஒரு நல்ல காரியத்தையும் சொல்லணும். ஆளாளுக்கு ஒரு பேர்ல ஒரே ஃபங்ஷன எழுதிக்கிட்டு இருந்தப்ப, 2001ல இஎக்ஸ்எஸ்எல்டின்னு ஒரு பொது முயற்சி வந்துச்சு. தேதி, கணக்கு, ஸ்டிரிங், செட்னு எல்லாத்துக்கும் பொதுவான நேம்ஸ்பேஸ், பொதுவான பேர். லினக்ஸ்ல எக்ஸ்எஸ்எல்டிப்ராக்ங்கிற ப்ராசஸர பயன்படுத்துறவங்களுக்கு கூடவே வர்ற லிப்இஎக்ஸ்எஸ்எல்டில இது நிறைய கிடைக்கும், ஸாலன்லயும் பாதிக்கு மேல உண்டு. எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டா முதல்ல இதுல இருக்கான்னு பாருங்க, அப்புறம் சொந்தமா எழுதலாம்.

மைக்ரோசாஃப்டோட டாட்நெட் பக்கமும் இதே கதை வேற உடையில. முதல்ல இருந்த எக்ஸ்எஸ்எல்டிரான்ஸ்ஃபார்ம் படிச்சு ஓட்டுறது, 2005ல டாட்நெட் 2.0ல வந்த எக்ஸ்எஸ்எல்கம்பைல்ட்டிரான்ஸ்ஃபார்ம் கம்பைல் பண்றது. அங்க எக்ஸ்டென்ஷனுக்கு ரெண்டு வழி. ஸ்டைல்ஷீட்டுக்குள்ள ஸ்கிரிப்ட் எழுதுறது, அது லோட் பண்றப்பவே கம்பைல் ஆகுது, அதுவும் நீங்க செட்டிங்ல அனுமதிச்சாத்தான். இல்ல, வெளிய ஒரு ஆப்ஜெக்ட் செஞ்சு எக்ஸ்டென்ஷன் ஆப்ஜெக்ட்டா கொடுக்கிறது. இந்த ஆப்ஜெக்ட்ட நீங்க கொடுக்குறது டிரான்ஸ்ஃபார்ம் பண்றப்பதான், லோட் பண்றப்ப அது யாருன்னே கம்பைலருக்கு தெரியாது. அதனால கம்பைல் பண்ற ப்ராசஸரா இருந்தாலும் இந்த மெத்தட தேடுறது ஓடுற நேரத்துல. பாருங்க, கம்பைலர்னா எல்லாமே முன்னாடியே நடக்கும்னு இல்ல, வெளி ஆள் எப்ப கைக்கு வர்றாரோ அப்பதான் தேட முடியும். டாட்நெட் கோர் வந்தப்ப ஸ்கிரிப்ட் வழிய எடுத்துட்டாங்க, ஆப்ஜெக்ட் வழி இன்னும் இருக்கு. அதனால புதுசா எழுதுறவங்க அதையே எடுத்துக்கோங்க.

பாதுகாப்பு பத்தி கொஞ்சம். ஜாவா மெத்தட கூப்பிட முடியும்னா எந்த ஜாவா மெத்தடையும் கூப்பிட முடியும், சர்வர்ல கமாண்ட் ஓட்டுறதையும் சேத்து. வெளி ஆள் அனுப்புற ஸ்டைல்ஷீட்ட உங்க சர்வர்ல ஓட்டுறீங்கன்னா செக்யூர் ப்ராசஸிங் ஃபீச்சர ஆன் பண்ணியே ஆகணும். அது ஆன்ல இருந்தா எக்ஸ்எஸ்எல்டிசி ஜாவா எக்ஸ்டென்ஷன் கால் இருந்த இடத்துல "இது அனுமதி இல்ல"ன்னு எர்ரர் வீசுற கோட எழுதிடும், மேல சொன்ன அதே உத்திதான். ஆனா அது மட்டும் போதும்னு இருக்காதீங்க. 2022ல சிவிஇ-2022-34169ன்னு (சிவிஇங்கிறது பாதுகாப்பு ஓட்டைகளுக்கு கொடுக்குற பொது எண்) ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, எக்ஸ்எஸ்எல்டிசி கிளாஸ் ஃபைல் எழுதுற இடத்துல ஒரு எண் வெட்டுப்பட்டு, விஷமமா எழுதின ஸ்டைல்ஷீட் மூலமா தனக்கு வேண்டிய பைட்கோட உள்ள நுழைக்க முடியும்னு. அதுல எக்ஸ்டென்ஷனே தேவையில்ல, கம்பைலரே கதவாயிடுச்சு. ஜேடிகேல பேட்ச் வந்துடுச்சு, ஸாலன் 2.7.3லயும் சரி பண்ணாங்க. பழைய ஸாலன் ஜார் உங்க ப்ராஜெக்ட்ல எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு ஒரு தடவை தேடிப் பாருங்க.

2007ல எக்ஸ்எஸ்எல்டி 2.0 வந்தப்ப இந்த விதியவே மாத்தினாங்க, கம்பைலர் எழுதுறவங்க பக்கம் சாஞ்ச மாதிரி. அதுல தெரியாத ஃபங்ஷன கூப்பிட்டா முன்கூட்டியே எர்ரர் கொடுக்கலாம், வெர்ஷன் 1.0ன்னு போட்டு பழைய மாதிரி ஓட்டுனா மட்டும் ஓடுற நேரம் வரைக்கும் தள்ளிப் போகும். அதுக்கு பதிலா யூஸ்-வென்னு ஒரு ஆட்ரிபியூட் கொடுத்தாங்க. எந்த டேக்லயும் போடலாம், அதுல இருக்கிற கண்டிஷன் கம்பைல் நேரத்துலயே பாக்கப்படும், பொய்னா அந்த டேக் ஸ்டைல்ஷீட்ல இல்லவே இல்லன்னு எடுத்துக்கும். எக்ஸ்எஸ்எல்டிசி இஃப், வென்ல தானா செஞ்சுக்கிட்ட கிளை வெட்டுற வேலைய இப்ப நாமளே வெளிப்படையா எழுதலாம். டேக் தலையில யூஸ்-வென் போட்டு அதுக்குள்ள ஃபங்ஷன்-அவெய்லபிள் கேட்டா முடிஞ்சுது.

உங்க மெஷின்ல எந்த மாஸ்டர் இருக்கார்னு தெரியணும்னா ஒரு சின்ன ஸ்டைல்ஷீட் எழுதி சிஸ்டம்-ப்ராப்பர்ட்டி ஃபங்ஷனுக்குள்ள எக்ஸ்எஸ்எல்-வெண்டார்னு கொடுத்து வேல்யூ-ஆஃப்ல போட்டுப் பாருங்க. பழைய ஸாலன்னா அபாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்னு மட்டும் வரும், எக்ஸ்எஸ்எல்டிசின்னா அதே பேருக்கு பக்கத்துல ஸாலன் எக்ஸ்எஸ்எல்டிசின்னு சேந்து வரும், எக்ஸ்எஸ்எல்டிப்ராக்னா லிப்எக்ஸ்எஸ்எல்டின்னு வரும். எந்த எக்ஸ்டென்ஷன் எர்ரர் வந்தாலும் நான் முதல்ல ஓட்டுறது இதத்தான், அன்னைக்கு காலைல இது தெரிஞ்சிருந்தா அந்தப் பாதி நாள் போயிருக்காது.

லட்சக்கமாவுக்கு இப்ப அந்த இருபது வரி டெம்ப்ளேட் கூட தேவையில்ல. 2.0ல ஃபார்மேட்-நம்பரே மாறிடுச்சு, பேட்டர்ன்ல கமா ஒரே இடைவெளில இல்லன்னா நீங்க போட்ட இடத்துல மட்டும் கமா போடும். அதனால கடைசில மூணு இலக்கம், அதுக்கு முன்னாடி ரெண்டு ரெண்டுன்னு கோடி வரைக்கும் பேட்டர்ன் எழுதிட்டா போதும். 2.0 தெரிஞ்ச சாக்ஸன்ங்கிற ப்ராசஸர்ல ஓட்டிப் பாத்தேன், 12,34,567.00ன்னு வந்துச்சு.